ஆங்கிலிக்கன் துறவி மடத்தில் லெந்து காலம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலமான லெந்து நெருங்கும்போதெல்லாம் இதே சந்தேகங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. கேட்பவர்களில் சிலர் ஒரு வாரம் மடத்தில் போய்த் தங்கப் போகிறவர்கள். சிலருக்கு அங்கே உள்ளே என்னதான் நடக்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசை. கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே வைத்திருக்கிறோம். மடத்துக்கு மடம் நேரமும் பழக்கமும் மாறும். இங்கே சொல்வது பொது நடைமுறை. நீங்கள் போகும் மடத்தில் வேறு மாதிரி செய்தால் அவர்கள் வழக்கத்தையே பின்பற்றுங்கள்.

ஆங்கிலிக்கன் சபையில் துறவிகளா? அது கத்தோலிக்கரிடம் மட்டும்தானே உண்டு?

இங்கிலாந்துத் திருச்சபையின் வழிவந்த ஆங்கிலிக்கன் சபையிலும் உண்டு. மன்னர் எட்டாம் ஹென்றி 1536 முதல் 1540 வரை இங்கிலாந்தின் மடங்களை மூடிய பிறகு, ஏறக்குறைய 300 ஆண்டுகள் பொருத்தனை (துறவு வாழ்வுக்கான வாக்குறுதி) செய்து கூடி வாழும் துறவிகள் அந்தச் சபையில் இல்லை. 1841-ல் மரியன் ஹியூஸ் என்ற பெண் ஆக்ஸ்போர்டில் பொருத்தனை செய்தார். 1866-ல் ரிச்சர்ட் மியூக்ஸ் பென்சன், ஆக்ஸ்போர்டை ஒட்டிய கௌலியில் ஆண்களுக்காகப் புனித யோவான் சுவிசேஷகர் சங்கத்தைத் தொடங்கினார். அதன்பின் அமெரிக்காவில் 1884-ல் ஜேம்ஸ் ஹன்டிங்டன் தொடங்கிய பரிசுத்த சிலுவைச் சங்கம், இங்கிலாந்தில் 1892-ல் சார்லஸ் கோர் தொடங்கிய உயிர்த்தெழுதல் சங்கம் என்று வரிசையாக வந்தன. உயிர்த்தெழுதல் சங்கம் 1898-ல் மிர்ஃபீல்டுக்குக் குடிபோனது, இன்றும் அங்கேதான் இருக்கிறது.

எல்லா மடங்களும் துறவிகளுக்கு விதிநூல் எழுதிய புனித பெனடிக்ட் வழியில் நடப்பவை அல்ல. பல சங்கங்களுக்குச் சொந்த விதிநூல் இருக்கிறது. இருந்தாலும் லெந்து என்று வந்துவிட்டால், 6-ஆம் நூற்றாண்டில் பெனடிக்ட் எழுதிய 73 அதிகார விதிநூலைத் தொடாமல் பேச முடியாது. கீழே அதிகார எண் மட்டும் வரும் இடங்களில் அந்த நூலையே குறிக்கிறோம்.

40 நாள் என்கிறார்கள், எண்ணினால் 46 வருகிறதே?

லெந்துவின் முதல் நாளான சாம்பற்புதன் முதல் ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை வரை எண்ணினால் 46 தான். அதில் 6 ஞாயிறுகளைக் கழித்துவிடுங்கள். ஞாயிறு உயிர்த்தெழுதலின் நாள் என்பதால் அன்று நோன்பு இல்லை. 2027-ல் சாம்பற்புதன் பிப்ரவரி 10, ஈஸ்டர் மார்ச் 28.

ஞாயிறன்று நோன்பில்லை என்பதற்காக, ஆறு நாள் விட்டதையெல்லாம் ஏழாம் நாள் சேர்த்துச் சாப்பிடும் வழக்கம் மடத்தில் இல்லை. மேசையில் ஒரு பதார்த்தம் கூடும், சில இடங்களில் பேச்சுக்கு அனுமதி இருக்கும். அவ்வளவுதான்.

மடத்தில் ஒரு நாள் எப்படிப் போகும்? லெந்துவில் என்ன மாறும்?

காலை 6 மணியை ஒட்டி காலை ஜெபம். பிறகு தனித் தியானம், திருவிருந்து, காலை உணவு, வேலை. நண்பகலில் சிறு ஜெபம், மதிய உணவு, ஓய்வு, மறுபடி வேலை. மாலை 6 மணியளவில் மாலை ஜெபம், பின் இரவு உணவு. 8 அல்லது 8:30-க்கு கம்ப்ளின் என்னும் படுக்கைக்கு முந்தின ஜெபம். அது முடிந்ததும் பெரிய மௌனம் தொடங்கும். மறுநாள் காலை ஆராதனை முடியும் வரை, பல இடங்களில் காலை உணவு முடியும் வரை, யாரும் பேசுவதில்லை.

இந்தச் சட்டகம் லெந்துவிலும் அப்படியே நிற்கும். புதிதாகச் சேர்வதைவிடக் கழிவதுதான் அதிகம். பீடத்தில் பூ இருக்காது. ஆர்கன் பாட்டுக்குத் துணையாக மட்டும் ஒலிக்கும், தனியாக வாசிக்கப்படாது. ஊதாத் துணி வரும். பழைய இங்கிலாந்து வழக்கத்தைக் காக்கும் இடங்களில் வெளுக்காத லினன் துணியில் சிவப்பும் கறுப்புமாகக் கிறிஸ்துவின் பாடுகளின் சின்னங்கள் தீட்டியிருக்கும். ஆங்கிலிக்கன் சபையின் பழைய ஆராதனை நூலான 1662 ஜெபப் புத்தகத்தைப் பின்பற்றும் இடத்தில், சாம்பற்புதனின் சுருக்க ஜெபத்தை லெந்து முடியும் வரை தினமும் அந்தந்த நாள் ஜெபத்துக்குப் பிறகு சேர்த்துச் சொல்வார்கள். நாலாம் ஞாயிறு மட்டும் கொஞ்சம் இளைப்பாறுதல்: ரோஜா நிற உடை, பூ, சற்று நல்ல சாப்பாடு.

சாம்பற்புதன் அன்று நெற்றியில் பூசும் சாம்பலை நாங்களே தயாரிக்கலாமா?

தாராளமாக. போன வருடக் குருத்தோலைகளை எடுத்து, மடக்கினால் முறியும் அளவுக்குக் காய விடுங்கள். விரல் நீளத்துக்குக் கிழித்து, திறந்த வெளியில் பழைய இரும்புச் சட்டியில் போட்டுக் கொளுத்துங்கள். ஓலை முழுக்கக் கறுத்து, தீ அடங்கும் நேரத்தில் மூடியால் மூடிக் காற்றை நிறுத்துங்கள். அப்படியே விட்டால் எரிந்து வெளிர் சாம்பலாகிவிடும், நெற்றியில் தெரியாது. நமக்கு வேண்டியது கரி. நன்றாக ஆறிய பின் உரலில் பொடித்து, மெல்லிய துணியில் சலித்து, ஈரமில்லாத குப்பியில் வையுங்கள். ஒரு தேக்கரண்டி பொடி நடுத்தரமான ஒரு சபைக்குத் தாராளம்.

ஒரே ஒரு எச்சரிக்கை: தண்ணீர் கலக்காதீர்கள். தாவரச் சாம்பலில் உள்ள காரம் தண்ணீரில் கரைந்தால் தோலைப் புண்ணாக்கும். பூசின சில மணி நேரத்தில் நெற்றி சிவந்து, கொப்புளம் கண்டவர்களும் உண்டு. உலர் பொடியைக் கட்டைவிரலில் தொட்டுப் பூசுங்கள். ஒட்டவில்லை என்றால் ஒரு சொட்டு ஒலிவ எண்ணெய் போதும்.

மத்தேயு 6-ல் நோன்பிருக்கும்போது முகத்தை வாடப்பண்ண வேண்டாம் என்கிறார் இயேசு. சாம்பலோடு திரிவது அதற்கு முரண் இல்லையா?

அதே பகுதிதான் சாம்பற்புதன் அன்று சுவிசேஷமாக வாசிக்கப்படுகிறது, சாம்பல் பூசுவதற்குச் சற்று முன்னால். அந்த முரணை வேண்டுமென்றே கண்முன் வைக்கிறார்கள். ஆராதனை முடிந்து வாசலைத் தாண்டும்போது துடைத்துக்கொள்ளலாம். துடைக்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. 1662 ஜெபப் புத்தகத்தில் சாம்பல் சடங்கே கிடையாது. அன்று 51-ஆம் சங்கீதத்தோடு, பாவத்துக்கு எதிரான தேவ கோபத்தை அறிவிக்கும் தனி ஆராதனை ஒன்று இருக்கிறது. ஆகவே சாம்பல் இல்லாமல் லெந்துவைத் தொடங்கும் ஆங்கிலிக்கன் சபைகளும் தவறு எதுவும் செய்யவில்லை.

அல்லேலூயா சொன்னால் குற்றமா? வாய் தவறி வந்துவிட்டது.

குற்றம் இல்லை, யாரும் திரும்பிப் பார்க்கவும் மாட்டார்கள். லெந்து தொடங்கியதும் அந்தச் சொல்லை நிறுத்துவது பழைய வழக்கம். 15-ஆம் அதிகாரத்திலேயே இருக்கிறது. ஈஸ்டர் இரவு ஆராதனையில் திரும்ப வரும். ஆறு வாரத்துக்கு மேல் நாவில் வராத சொல் அந்த இரவில் மூன்று முறை உயர்ந்து வரும்போது, அதை ஏன் நிறுத்தினார்கள் என்பது விளங்கும். சங்கீதத்தின் முடிவில் வழக்கமாக அது வரும் இடத்தில் வாயை மூடிக்கொள்ள முதல் வாரம் கொஞ்சம் கவனம் வேண்டும், அவ்வளவுதான்.

சாப்பாடு எப்படி? ஒரு வேளைதானா?

பெனடிக்ட் வகுத்த அளவு, நாளொன்றுக்கு ஒரு ராத்தல் ரொட்டியும் சமைத்த பதார்த்தம் இரண்டும் (39-ஆம் அதிகாரம்). லெந்துவில் சாயங்காலம் ஒரே வேளை. அதுவும் விளக்கு ஏற்றத் தேவையில்லாத நேரத்துக்குள் முடிய வேண்டும் (41). இன்றைய ஆங்கிலிக்கன் மடங்கள் அவ்வளவு கடுமையாக நடப்பதில்லை. சாம்பற்புதனும் பெரிய வெள்ளியும் உண்மையான நோன்பு: ரொட்டி, சூப், தண்ணீர். மற்ற நாட்களில் இறைச்சி குறையும் அல்லது இராது, இனிப்பு இராது, இரவு உணவு எளிமையாகும். சாப்பிடும்போது ஒருவர் உரக்க வாசிப்பார், மற்றவர்கள் பேசாமல் கேட்பார்கள். உப்பு வேண்டுமென்றால் சைகைதான். உண்மையில் நீங்கள் கேட்பதற்கு முன்பே பக்கத்தில் இருப்பவர் கவனித்து நகர்த்துவதுதான் அங்கே மரியாதை.

சர்க்கரை நோயாளிகள், கர்ப்பிணிகள், நேரத்துக்கு மருந்து எடுப்பவர்கள், உணவுக் கோளாறு இருந்தவர்கள் நோன்பைத் தொட வேண்டாம். விருந்தினர் பொறுப்பாளரிடம் முன்கூட்டியே சொன்னால் உங்களுக்குத் தனியாக எடுத்துவைப்பார்கள். இன்னொன்று, காப்பியை விட நினைப்பவர்கள் சாம்பற்புதன் அன்று சட்டென்று நிறுத்தாதீர்கள். நிறுத்திய 12 முதல் 24 மணி நேரத்தில் தலைவலி தொடங்கும், ஒரு வாரம் வரை நீளலாம். லெந்துவின் முதல் வாரம் முழுக்க எரிச்சலில் போய்விடும். இரண்டு வாரம் முன்பிருந்தே அளவைக் குறைத்து வாருங்கள்.

எதை விடுவது என்று நானே முடிவு செய்துகொண்டால் என்ன? யாரிடம் சொல்ல வேண்டும்?

மடத்தில் லெந்து என்றால் என்ன என்பதற்கு இந்தக் கேள்வியே நேர்வழி. 49-ஆம் அதிகாரம், ஒவ்வொருவரும் உணவு, பானம், தூக்கம், பேச்சு, வேடிக்கை ஆகியவற்றில் எதையாவது தானாகக் குறைக்கட்டும் என்கிறது. உடனே அடுத்த வரியில், குறைக்கப் போவதை மடத்துத் தலைவரிடம் சொல்லி அனுமதி வாங்க வேண்டும் என்கிறது. அனுமதியில்லாமல் செய்த நோன்பு வீண்பெருமைக் கணக்கில் எழுதப்படும்.

காரணம் கண்டிப்பு அல்ல. தனியே தேர்ந்தெடுக்கும் நோன்பில் இரண்டு தவறுகள் வரும். ஒன்று, நமக்கு எளிதாக வருவதையே விடுவோம். பேச்சைக் குறைக்க வேண்டியவர் இனிப்பை விடுவார். இரண்டு, மற்றவர் தலையில் சுமையை ஏற்றுவோம். ஒருவர் தூக்கத்தைக் குறைத்துவிட்டுப் பகலில் பாத்திரம் கழுவும் முறைக்கு வராவிட்டால், அந்த நோன்புக்கு இன்னொருவர் விலை கொடுக்கிறார். தலைவர் பெரும்பாலும் கேட்டதைக் குறைத்துத்தான் அனுமதிப்பார். அந்தக் குறைப்பை முணுமுணுக்காமல் ஏற்பதும் நோன்பில் சேர்ந்தது. இதே அதிகாரத்தில் மகிழ்ச்சி என்ற சொல் இரண்டு முறை வருவதைப் பலர் கவனிப்பதில்லை. மடத்துக்கு வெளியே இருப்பவர்கள் உங்கள் ஆயரிடமோ, உங்களோடு ஒரே வீட்டில் இருப்பவரிடமோ சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். வீட்டில் இருப்பவர் சொல்லும் திருத்தம்தான் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

லெந்துப் புத்தகம் என்று ஒன்று கொடுப்பார்களாமே?

ஆமாம். லெந்து தொடக்கத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு புத்தகம்; முதலிலிருந்து கடைசிவரை வரிசையாக, முழுவதும் வாசிக்க வேண்டும் (48). அந்த வாசிப்பு நேரத்தில் மூத்தவர் ஒருவரோ இருவரோ சுற்றி வந்து, யாராவது சோம்பியோ அரட்டையடித்தோ இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும் என்றும் அங்கே இருக்கிறது. 1,500 ஆண்டுகளுக்கு முன்னாலும் வாசிப்பு நேரத்தில் கவனம் சிதறத்தான் செய்திருக்கிறது.

புத்தகம் 200 பக்கத்துக்குள் இருக்கட்டும். 40 நாளுக்குப் பகிர்ந்தால் நாளுக்கு 5 பக்கம். தடித்ததை எடுத்தால் மூன்றாம் வாரத்தில் வேகமாகப் புரட்டத் தொடங்குவீர்கள்.

லெக்சியோ டிவைனா என்கிறார்களே, அதை எப்படிச் செய்வது?

அது வேதத்தை மெதுவாக வாசிக்கும் முறை. 12-ஆம் நூற்றாண்டுத் துறவி இரண்டாம் கிகோ அதை நான்கு படிகளாக எழுதினார்: வாசித்தல், அசைபோடுதல், ஜெபித்தல், அமைதியாய்த் தங்குதல். 5 முதல் 10 வசனம் எடுங்கள். மெல்லிய குரலில் வாய்விட்டு இரண்டு முறை வாசியுங்கள். எந்தச் சொல் பிடித்து நிறுத்துகிறதோ அங்கேயே நில்லுங்கள். அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லி, அதிலிருந்து எழும் ஜெபத்தைச் சொல்லி, கடைசியில் ஒன்றும் சொல்லாமல் இருங்கள். 20 முதல் 30 நிமிடம்.

வழக்கமாக நேரும் தவறு, பகுதியை நீளமாக எடுப்பது. அதைவிடப் பெரிய தவறு, பிரசங்கக் குறிப்பு எடுக்கத் தொடங்குவது. பேனாவை அறையிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

சங்கீதத்தைப் பாதி வசனத்தில் நிறுத்துகிறார்கள். நான் மட்டும் தனியாகப் பாடிவிட்டேன்!

புதிதாக வருகிறவர் எல்லோருக்கும் இது நடக்கும். துறவிகள் எதிரெதிராக இரண்டு வரிசைகளாக இருந்து, வசனத்துக்கு வசனம் மாறி மாறிப் பாடுவார்கள். சங்கீத வசனம் இரண்டு பாதிகளாக இருக்கும். நடுவில் ஒரு குறி: 1662 புத்தகத்தில் முக்காற்புள்ளி, அமெரிக்காவின் 1979 புத்தகத்தில் நட்சத்திரம், இங்கிலாந்தின் புதிய சங்கீதப் பதிப்பில் சிறு வைரம். அந்தக் குறியில் எல்லோரும் நிறுத்தி, ஒரு முழு மூச்சு இழுப்பார்கள். "தேவனே, சுத்த இருதயத்தை என்னிலே சிருஷ்டியும்" என்றபின் மௌனம். அந்த மௌனத்தில் எதிர் வரிசையில் ஒரு பலகை கிறீச்சிடுவதுகூடக் கேட்கும். பிறகே "நிலைவரமான ஆவியை என் உள்ளத்திலே புதுப்பியும்".

ஆனால் வசனத்தின் முடிவில் இடைவெளி இல்லை. எதிர் வரிசை உடனே அடுத்த வசனத்தை எடுத்துக்கொள்ளும். நாம் பழகியிருப்பது நேர் எதிராக, அதனால்தான் தடுமாற்றம். முதல் இரண்டு நாள் பாதிக்குரலில் பாடுங்கள். பக்கத்தில் இருப்பவரின் குரல் உங்கள் குரலைவிடத் தெளிவாகக் கேட்டால் அளவு சரி.

இத்தனை ஜெபம் செய்கிறவர்களுக்குள் சண்டை வருமா?

வரும். லெந்துவில் அதிகமாகவே வரும், குறிப்பாக மூன்றாம், நான்காம் வாரங்களில். பசி, குறைந்த தூக்கம், குறைந்த பேச்சு. ஒருவர் தினமும் அரை நிமிடம் தாமதமாக வந்து உட்காருவது, மௌன உணவில் கரண்டி தட்டில் மோதும் சத்தம், கதவை அறைந்து சாத்துவது. இப்படிச் சின்ன விஷயங்கள்தான் மலைபோல் நிற்கும். பேசித் தீர்க்கும் வாய்ப்பும் குறைவு என்பதால் மனத்துக்குள் வழக்கு ஓடிக்கொண்டே இருக்கும். அதனால்தான் பெனடிக்ட் மற்ற எதையும்விட முணுமுணுப்பைத்தான் திரும்பத் திரும்பக் கண்டிக்கிறார்.

இதற்கு அவர் வைத்த மருந்து அருமையானது. 13-ஆம் அதிகாரத்தில், காலையும் மாலையும் கர்த்தருடைய ஜெபத்தை எல்லோர் காதிலும் விழும்படி தலைவர் உரக்கச் சொல்ல வேண்டும் என்கிறார். கூடி வாழும்போது முள் முளைக்கும். 'நாங்கள் மன்னிக்கிறதுபோல' என்ற வரி ஒரு நாளில் இரண்டு முறையாவது அதை வெட்ட வேண்டும் என்பதே அவர் தரும் காரணம். 35-ஆம் அதிகாரத்தில், வாரச் சமையல் முறை மாறும்போது, முறை முடித்தவரும் முறை ஏற்பவரும் சேர்ந்து எல்லோருடைய கால்களையும் கழுவ வேண்டும் என்கிறார். நாம் பெரிய வியாழனில் ஒரு முறை பார்ப்பது அந்த மடத்தில் வாராந்தர வேலை.

முன்பு சகோதரர்கள் கூடியிருக்கையில் தங்கள் தவறுகளை அறிக்கையிடும் கூட்டம் இருந்தது. பெரும்பாலான ஆங்கிலிக்கன் சங்கங்கள் அதை விட்டுவிட்டன. இப்போது உள்ள நடைமுறை எளிது: சம்பந்தப்பட்டவரிடம் நேரில், தனியாக, ஒரே ஒரு விஷயத்தை மட்டும், அதில் தன் பங்கை முதலில் சொல்லி முடிப்பது. மூன்றாவது ஆள் வழியாகச் சொல்லி அனுப்புவது கூடாது. சூரியன் அஸ்தமிக்குமுன் சமாதானம் (4) என்றால், கம்ப்ளின் மணிக்கு முன்னால் என்று வைத்துக்கொள்ளலாம், ஏனென்றால் மணி அடித்த பிறகு பேச வழியில்லை.

பாவ அறிக்கை கட்டாயமா?

இல்லை. ஆங்கிலிக்கன் வட்டாரத்தில் ஒரு வழக்குச் சொல் உண்டு: எல்லாரும் செய்யலாம், யாருக்கும் கட்டாயமில்லை, சிலர் செய்வது நல்லது. விரும்பினால் விருந்தினர் பொறுப்பாளரிடம் கேளுங்கள், நேரம் ஒதுக்குவார்கள். ஈஸ்டருக்கு முந்தின வாரமான பரிசுத்த வாரத்துக்கு முன்பே கேட்பது நல்லது, அந்த வாரத்தில் குருமாருக்கு ஒழிவிருக்காது.

நான் சி.எஸ்.ஐ. அங்கே திருவிருந்து எடுக்கலாமா?

எடுக்கலாம். தென்னிந்தியத் திருச்சபை ஆங்கிலிக்கன் ஐக்கியத்தின் முழு உறுப்பு. கத்தோலிக்க நண்பர் உடன் வந்தால் அவருடைய சபை விதி அனுமதிப்பதில்லை. கைகளை மார்பில் குறுக்காக வைத்து முன்னே வந்தால் ஆசீர்வாதம் தருவார்கள்.

பரிசுத்த வாரத்தில் போய்த் தங்கினால் நன்றாக இருக்குமே?

முதல் முறை போகிறவர்களுக்கு இரண்டாம் அல்லது மூன்றாம் வாரத்தைத்தான் சொல்வோம். மேலே சொன்ன நாள் ஒழுங்கு அப்போதுதான் தெளிவாகத் தெரியும். பரிசுத்த வாரத்தில் எல்லாம் மாறும்: நீண்ட ஆராதனைகள், வியாழன் இரவு பீடத்தை வெறுமையாக்குதல், அதன்பின் விழிப்பு, வெள்ளியன்று நோன்பு, சனி இரவு புது நெருப்பு. யாருக்கும் உங்களுக்கு வழிகாட்ட நேரம் இராது. அறைகளும் மாதக் கணக்கில் முன்பே நிரம்பிவிடும். ஒருமுறை பழகியவர் அவசியம் போக வேண்டும். அப்போது புதன் மாலைக்குள் போய்ச் சேர்ந்து, ஈஸ்டர் மதியம் வரை இருங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் வந்து போகிறவர் பாதிக் கதையோடு திரும்புகிறார்.

மூன்றாம் வாரத்தில் நோன்பை உடைத்துவிட்டேன். விட்டுவிடலாமா?

மறுநாள் காலையிலிருந்து தொடருங்கள். உடைத்த நாளுக்கு ஈடாக இரட்டிப்பு நோன்பு வேண்டாம். அடுத்த முறிவு அதிலிருந்துதான் வரும். இரண்டு முறைக்கு மேல் உடைந்தால் எடுத்த அளவு தவறு என்று அர்த்தம். யாரிடம் சொல்லித் தொடங்கினீர்களோ அவரிடமே போய்ச் சொல்லி அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். முதலில் சொல்லி வைப்பதன் பயன் இங்கேதான் தெரியும்.

பத்து நாள் தங்கினேன். நானும் துறவியாகிவிட வேண்டும் என்று தோன்றுகிறது. என்ன செய்வது?

அந்த எண்ணத்தை மதிக்க வேண்டும், ஆனால் அவசரப்பட வேண்டாம். விருந்தினர் மௌனத்தைப் பார்க்கிறார். மேலே சண்டை பற்றிச் சொன்னதைப் பார்ப்பதில்லை. பாதை நீளமானது: பலமுறை வந்து தங்கிப் பழகுதல், சில மாதங்கள் உடன்வாழும் முன்நிலை, இரண்டு ஆண்டை ஒட்டிய பயிற்சிநிலை, சில ஆண்டுகளுக்கான முதல் பொருத்தனை, அதன்பிறகே ஆயுள் பொருத்தனை. எந்தக் கட்டத்திலும் இரு தரப்பும் வேண்டாம் என்று சொல்லலாம். கடன், சிறு பிள்ளைகள், உங்களையே நம்பியிருக்கும் பெற்றோர் இருந்தால் முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள்.

லெந்துவில் வந்த எண்ணத்தை லெந்துவிலேயே கடிதமாக எழுதி அனுப்பாதீர்கள். பெந்தெகொஸ்தே வரை, ஈஸ்டரிலிருந்து ஏழு வாரம், வைத்திருங்கள். அதன்பின் வேலை அதிகமாக இருக்கும் ஒரு சாதாரண வாரத்தில் அதே மடத்துக்குப் போய், சமையலறையில் ஒரு வேலை கேட்டு வாங்கிச் செய்யுங்கள். அப்போதும் அந்த எண்ணம் இருந்தால் தலைவரைப் பார்க்க நேரம் கேளுங்கள்.